மூன்றாவது வரிசையில் பால்ட்வின்

காசநோய் மருத்துவமனை, பெண்கள் கூடம்
22 நவம்பர் 1952

அன்புத் தம்பி எகெர்ட்டுக்கு,

அக்கா ஸ்வாவா எழுதுகிறேன். இருமல் குறைந்திருக்கிறது, எடைதான் ஏறவில்லை. அங்கே நீயும் என் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன்.

இன்று சனிக்கிழமை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனதும் கூடத்தில் எல்லோரும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படுத்துவிடுவோம். கட்டிலுக்குக் கட்டில் ஒன்று தொங்குகிறது. இருட்டிய பிறகு நம் ஊர் வானொலி இத்தனை தூரத்துக்கும் தெளிவாக வருகிறது. "ஸ்டெயின்விக் அரங்கிலிருந்து எகெர்ட்" என்று நீ தொண்டையைச் செருமினால் பக்கத்துக் கட்டில்காரி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷமாகப் பனித்தள ஹாக்கி வர்ணனை சொல்கிறவனின் அக்கா என்று இங்கே எனக்குத் தனி மதிப்பு.

ஒரு குறை உண்டு. ஊரார் பிள்ளைகள் எல்லாம் உன் வாயில் பறக்கிறார்கள், பாய்கிறார்கள். என் பிள்ளை மட்டும் "பால்ட்வினிடம் வட்டு, பால்ட்வினிடமிருந்து போய்விட்டது" என்பதோடு சரி. தாய்மாமன் என்பதால் தூக்கிப் பேசுகிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று உனக்குப் பயம். கோடையில் அவனே என்னிடம் சொல்லிச் சிரித்தான்: "மாமா வாயில என் பேரு ரெண்டாவது தடவ வரணும்னா நான் கோல்கீப்பரையும் சேத்து உள்ள தள்ளணும்மா."

பிப்ரவரியில் அறுவை சிகிச்சை. விலா எலும்புகள் சிலவற்றை எடுத்துவிட்டு நுரையீரலை அமுக்கி ஓய்வு கொடுப்பார்களாம். எனக்கு அதைப் பற்றிப் பயமில்லை. ஏரி உறைந்துவிட்டதா? அவனை நாலு வரி எழுதச் சொல்.

உன் குரல் எட்டும் தூரத்தில் இருக்கும்
அக்கா ஸ்வாவா


ஸ்டெயின்விக்
9 டிசம்பர் 1952

நர்ஸ் ஒடில் ஜெர்வே அவர்களுக்கு,

வணக்கம். உங்களை நான் பார்த்ததில்லை. அக்கா தன் கடிதங்களில் உங்களைப் பற்றி நிறைய எழுதுவாள், அந்த உரிமையில் எழுதுகிறேன். இது அவள் கண்ணில் படவேண்டாம்.

போன வியாழக்கிழமை அவள் மகன் பால்ட்வின் உறைந்த ஏரியின் பனிக்கடியில் போட்டிருந்த மீன்வலையை இழுக்கக் குதிரையும் சறுக்குவண்டியுமாகப் போனான். தீவுக்கு அப்பால் அடியில் நீரோட்டம் உண்டு, அங்கே பனி கனமாக உறையாது. மத்தியானம் குதிரை மட்டும் வீடு வந்தது. வயிறு வரை நனைந்து, நனைந்ததெல்லாம் உறைந்து, நடக்க நடக்கக் கண்ணாடி மணி மாதிரி ஒலித்தது. வண்டியின் வார்கள் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தன. மூழ்குகிற வேளையிலும் வாரை அறுத்துக் குதிரையை விடுவித்திருக்கிறான்.

ஊர் ஆண்கள் எல்லோரும் தேடினோம். உடைந்த இடம் மறுநாள் காலைக்குள் மூடிக்கொண்டது. இனி பனி இளகும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார்.

கணவர் போனபின் அவளுக்கு அவன்தான் எல்லாம். இதை எப்படிச் சொல்வது, நேரில் வரவா என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். போன சனிக்கிழமை ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமை ஆட்டம் உண்டு. அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

உங்கள் நலனையும் விசாரித்து,
எகெர்ட்


மருத்துவமனை
15 டிசம்பர் 1952

மதிப்புக்குரிய எகெர்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பண்டக அறைக்குள் போய் நின்று படித்தேன். உங்கள் துக்கத்தில் எனக்கும் பங்குண்டு.

டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகும்வரை அவர்களுக்குத் தெரியக் கூடாது. இப்போது தெரிந்தால் அந்த உடம்பு அறுவை மேசைவரை வராது. கூடத்துக்குப் பத்திரிகை வருவதை நிறுத்தியிருக்கிறோம். நீங்கள் வரவேண்டாம், உங்கள் முகமே சொல்லிவிடும்.

ஆனால் சனிக்கிழமை நடந்ததை எழுதியாக வேண்டும். ஆட்டம் முடிந்து ஹெட்ஃபோனைக் கழற்றியவர்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். "மூணு பகுதியும் முடிஞ்சுபோச்சு நர்ஸ். என் பையன் பேரு ஒரு தடவகூட வரல. அடிபட்டிருக்கானா? எகெர்ட் மறைக்கிறான்." அன்றிரவு காய்ச்சல் ஏறியது. ஞாயிறும் இன்றும் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

நான் என்ன கேட்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும். அதைக் கேட்பது பாவம் என்றும் எனக்குத் தெரியும். அந்தப் பாவத்தில் பாதி என் கணக்கில் இருக்கட்டும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
ஒடில் ஜெர்வே


ஸ்டெயின்விக்
22 டிசம்பர் 1952

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் காய்ச்சல் தணிந்ததா?

பால்ட்வின் எழுதவில்லை என்று கோபிக்காதே. வலைக் கயிறு வலது கையை அறுத்துவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை. மட்டை பிடிக்க முடிகிறது. முந்தின ஆட்டத்தில் உட்காரவைத்திருந்தார்கள். நேற்று முன்தினம் மூன்றாவது வரிசையில் இறங்கினான், நான் பெயர் சொன்னதை நீ கேட்டிருப்பாய்.

என் கூண்டை உனக்குத் தெரியும். கூரை உத்தரத்தில் தொங்கும் அந்தப் பெட்டியில் இந்தக் குளிர்காலம் காப்பிகூட உறைகிறது. மேலேயிருந்து பார்த்தால் சட்டை எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொருவனையும் அவன் சறுக்குகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். உன் பிள்ளை இடது காலை அழுத்தி வலது காலை வீசுவான்.

பண்டிகைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் உலர்ந்த பிளம் வைத்த அடுக்குக் கேக் கொண்டுவந்தாள். இரண்டு துண்டு. ஒன்று அப்படியே இருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு.
எகெர்ட்


மருத்துவமனை
5 ஜனவரி 1953

அன்புத் தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை. கஞ்சி, முட்டை, பால் எல்லாம் உள்ளே போகிறது. ஒடில் சாட்சி.

சனிக்கிழமை ஆட்டத்தைக் கேட்டேன். இந்தத் தடவை நீ கஞ்சத்தனம் பண்ணவில்லை, சந்தோஷம். ஆனால் இரண்டாம் பகுதியில் அவன் பலகைச் சுவரில் மோதி விழுந்ததைச் சொன்னாயே, அதிலிருந்து மனசு கேட்கவில்லை. "மெதுவாக எழுந்திருக்கிறான், இடது இடுப்பைத் தேய்த்துக்கொள்கிறான், போதும் என்று பயிற்சியாளர் கூப்பிட்டும் வர மறுக்கிறான்" என்றாய். அவன் அப்பாவும் இப்படித்தான், வலியை ஒத்துக்கொள்ள மாட்டார். சூடான உப்பு ஒத்தடம் கொடு. முரண்டு பிடித்தால் நான் சொன்னதாகச் சொல்.

இன்னொன்று. முன்பெல்லாம் ஆட்டம் முடிந்ததும் விளம்பரத்தைப் படித்துவிட்டுப் போய்விடுவாய். இப்போது கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறாய். அந்த நேரத்தில் தளத்தில் ஒரே ஒருவன் சறுக்குகிற சத்தம் கேட்கிறது. அவன்தான் பயிற்சி செய்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நீயும் நேரத்துக்குத் தூங்கு.
அக்கா


ஸ்டெயின்விக்
12 ஜனவரி 1953

நர்ஸ் ஒடில் அவர்களுக்கு,

நலமா? அக்காவுக்கு மறுபடி காய்ச்சலா? மறைக்காமல் எழுதுங்கள்.

மூன்றாம் தேதி ஆட்டத்தில் நான் பால்ட்வின் பெயரை இரண்டு தடவை சொன்னேன். "வட்டு பால்ட்வினிடம்." "வரிசை மாறுகிறது, பால்ட்வின் வெளியே." அவ்வளவுதான். அவள் எழுதியிருப்பதுபோல் அவன் விழுந்ததாகவோ இடுப்பைத் தேய்த்ததாகவோ நான் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தபின் ஒலிவாங்கியை நானே அணைத்தேன்.

இங்கே நிலைமை இது. டிசம்பரில் முதல் தடவை அவன் பெயரைச் சொன்ன மறுநாளே வானொலி நிலைய மேலாளர் மக்னூஸ் வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எகெர்ட், செத்தவன் பேர நேத்து ரெண்டு தடவ சொன்னே."

"தெரியும்."

"வாய் தவறியா?"

"இல்ல."

"ஊரே போன் பண்ணுது. கண்ணால பாக்காதத நீ இதுவரைக்கும் சொன்னதில்ல. அதுக்குத்தானேய்யா ஒன்ன கேக்கறாங்க."

அக்காவைப் பற்றிச் சொன்னேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்து முடித்தார். "பிப்ரவரி வரைக்கும். அப்புறமும் சொன்னேன்னா மைக்கப் புடுங்கிட்டு வேற ஆளப் போட்டுருவேன்" என்று எழுந்து போனார்.

மீன் கிடங்கில் ஒருவன் என் காதுபடக் கேட்டான்: "என்னப்பா, மூணாவது வரிசைல இப்பப் பேய்க்கும் மட்டை குடுத்தாச்சா?" யாரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இதையும் எழுதிவிடுகிறேன். பெஞ்சில் மூன்றாவது வரிசை, அதாவது அவனோடு சேர்ந்து தளத்தில் இறங்கி ஏறுகிற பையன்கள், உட்காரும்போது நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்காருகிறார்கள். யாரும் அவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. மேலேயிருந்து பார்க்கிற எனக்கு அந்த இடம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

பதிலை எதிர்பார்க்கும்
எகெர்ட்


மருத்துவமனை
20 ஜனவரி 1953

மதிப்புக்குரிய எகெர்ட் அவர்களுக்கு,

நான் நலம். அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை, எடை கூடியிருக்கிறது, டாக்டருக்கு மிகவும் திருப்தி.

உங்கள் கடிதம் வந்ததால் போன சனிக்கிழமை காலிக் கட்டிலின் ஹெட்ஃபோனை எடுத்து நானும் கேட்டேன். பெயர் இரண்டு தடவை வந்தது, நீங்கள் எழுதியபடியே. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் வேறு யாரையோ பற்றிச் சொல்லும்போதும் அவர்கள் தலையசைத்தார்கள். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்கள். உங்கள் ஒலிபரப்பு முடிந்து வெறும் இரைச்சல் மட்டும் வந்த பிறகும் கழற்றவில்லை.

"என்ன கேட்டீங்க?" என்றேன்.

"என் பையன் இன்னிக்கு ஒரு சண்டைல மாட்டிக்கிட்டான்" என்று முழுக்கதையும் சொன்னார்கள். கூடமே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டது. பிறகு நான்காம் கட்டில் பெண், சின்ன வயது, பொய் சொல்கிறவள் அல்ல, "ஆமா, நானும் கேட்டேன்" என்றாள். அவளைத் தனியே விசாரித்தேன். கேட்டதாகவே சொல்கிறாள்.

எனக்கு இரவுப் பணி புதிதல்ல. ஆனால் சனிக்கிழமைகளில் இப்போது விளக்கைக் கொஞ்சம் கூட்டியே வைக்கிறேன். அறுவை பதினொன்றாம் தேதி. அதுவரை நிறுத்திவிடாதீர்கள்.

ஒடில்


மருத்துவமனை
3 பிப்ரவரி 1953

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. உப்பு ஒத்தடம் கொடுத்தாயா என்றுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவன் தலையில் தொப்பி இல்லை என்றாய், முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருக்கிறது என்றாய். அவன் போகும் வழியெல்லாம் பனியில் ஈரத்தடம் விழுகிறது, இடது பலகைச் சுவரோரம் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றாய். அரங்கில் பனியைச் சரியாக உறையவிடுவதில்லையா? அந்தக் குளிரில் ஈர உடம்போடு விளையாட விடலாமா?

அடுத்த வாரம் அறுவை. மயக்க மருந்து கொடுக்கமாட்டார்களாம், நெஞ்சின் அந்தப் பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்களாம். எலும்பை வெட்டுகிற சத்தம் கேட்கும் என்று இங்கே அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். நான் வேறு ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பேன், கவலைப்படாதே.

நீ அவனைப் பற்றிச் சொல்வதை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

உன் அக்கா


மருத்துவமனை
27 பிப்ரவரி 1953

அன்புத் தம்பிக்கு,

பென்சிலில் எழுதுகிறேன், எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள். பிழைத்துவிட்டேன். ஒரு தோள் இறங்கிவிட்டது. மூச்சு உள்ளே போய் வருகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

எகெர்ட், எனக்குத் தெரியும். வருஷம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது நம் ஊரிலிருந்து குட்னி இங்கே சேர்க்கப்பட்டாள், வலைக்காரன் மனைவி. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியாது. குதிரை வந்தது வரை சொன்னாள். இதை யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். அன்று ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை நீ அவன் பெயரைச் சொன்னாய். உன் குரலில் அவன் தளத்தில் இருந்தான்.

எனக்குத் தெரியும் என்று எழுதினால் நீ நிறுத்திவிடுவாய். நீ சொன்ன இரண்டு தடவை எனக்குப் போதவும் இல்லை. மிச்சத்தை நானே சொல்லிக்கொண்டேன். இடுப்பு, சண்டை, ஈர முடி, தண்ணீர்த் தடம் எல்லாம் என் கற்பனை. நான்காம் கட்டில் பெண் எதைக் கேட்டாளோ, அதற்கு நான் பொறுப்பல்ல. உன்னைப் பயமுறுத்தியிருப்பேன், மன்னித்துவிடு.

ஆனால் பதினான்காம் தேதி நீ சொன்னது என் கற்பனை இல்லை. அறுவை முடிந்து மூன்றாம் நாள். தலையைத் தூக்க முடியவில்லை. ஒடில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை என் காதிலும் இன்னொரு பக்கத்தைத் தன் காதிலும் வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் சத்தம் இல்லை. உன் குரல் மட்டும் வந்தது. "பால்ட்வின் தளத்தை ஒருமுறை சுற்றி வருகிறான். அவசரமில்லை. யாரும் அவனைத் துரத்தவில்லை. கதவு திறந்திருக்கிறது. உள்ளே போய்விட்டான். அவன் ஆட்டம் முடிந்தது" என்றாய். பிறகு நாற்காலியை நீ தள்ளுகிற சத்தம்.

அவனை வெளியே அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. நீ அனுப்பிவிட்டாய். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். உனக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம்.

அக்கா


ஸ்டெயின்விக்
5 மார்ச் 1953

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பிழைத்தாய், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். இருமல் உண்டா? தையல் ஆறிவிட்டதா?

உன் கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி ஆட்டமே இல்லை. முதல் நாள் ராத்திரியிலிருந்து பனிப்புயல். வரவேண்டிய அணியின் ரயில் வழியில் புதைந்து நின்றது. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் முழுக்க இருட்டு. வானொலி நிலையம் காலையிலேயே மூடிவிட்டது. மக்னூஸ் தன் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

நீ பிழைத்தாயா என்று தந்தி வராமல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. சாயங்காலம் அரங்குக்குப் போனேன், சாவி என்னிடம் ஒன்று உண்டு. லாந்தரோடு கூண்டுக்கு ஏறினேன். பழக்கத்தில் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தேன். அது செத்துக் கிடந்தது, கம்பிகூடக் கழன்று தொங்கியது. கீழே இருட்டில் பனி மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. அக்கா பிழைக்கட்டும், நீ போய்க்கொள்ளடா என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். எனக்கு அப்படிப் பேச வராது, வர்ணனைதான் வரும். அதனால் நீ எழுதியிருக்கும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். ஒன்றுகூட மாறவில்லை. பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு இறங்கினேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே யாரும் இல்லை.

உன் கற்பனை என்று நீ எழுதியிருக்கும் ஈரத்தடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அரங்கில் பனித்தளத்தைச் செதுக்கிச் சமன் செய்கிறவரிடம் நீ ஒருநாள் கேட்டுக்கொள்.

இறுதி ஆட்டம் இந்த மாதம் பதினான்காம் தேதி சனிக்கிழமை. அதற்கு நான் போகவேண்டுமா என்று யோசிக்கிறேன். மக்னூஸிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இனி நான் சொல்வதை எங்கே எது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் எப்படி வாயைத் திறப்பது?

உன் தம்பி எகெர்ட்


மருத்துவமனை
16 மார்ச் 1953

அன்புத் தம்பிக்கு,

தையல் ஆறிவிட்டது. நேற்று ஜன்னல்வரை நடந்தேன். நீ போகமாட்டாயோ என்று வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். போனதற்கு நல்லாயிரு.

உன் கடிதத்தை ஒடிலிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தாள். "அன்னிக்குக் கேட்டது நெசந்தானே?" என்றேன். "உங்க நாடியப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன், வேற எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள். சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் மறுபடி கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தை முழுக்கக் கேட்டேன். முதல் பகுதியில் உன் குரல் நடுங்கியது. இரண்டாம் பகுதியில் சரியாகிவிட்டது. கடைசிக் கோலில் நீ கத்திய கத்தலில் நான்காம் கட்டில் பெண் பாலைக் கொட்டிவிட்டாள். அவன் பெயரை நீ சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. நாம் தோற்றதில் எனக்கு வருத்தம்கூட வந்தது, யோசித்துப் பார்.

நீ விடைபெற்றுக்கொண்டு ஒலிவாங்கியை அணைத்த பிறகு, எப்போதும்போல் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் படுத்திருந்தேன். இரைச்சல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டேன். கூடத்தில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெறும் இரைச்சல்தான் எகெர்ட். அதில் யாருமே இல்லை. நானே கழற்றி ஆணியில் மாட்டினேன்.

ஏரி இளகும்போது எனக்குச் சொல்லி அனுப்பு. எதுவானாலும் எழுது.

அக்கா ஸ்வாவா